சந்தேகத்தில் ஒரு மூச்சு

பழைய ஆஸ்பத்திரியின் நெஞ்சுநோய் வார்டில்தான் அவளுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். கட்டில்களை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டார்களே தவிர, சுவரில் ஊறிய மருந்து வாடையை யாராலும் எடுக்க முடியவில்லை. மழை நாளில் அது தொண்டைவரை வரும்.

வேலை என்னவோ சாதாரண வேலை. அந்த வார்டில் படுத்திருந்தவர்களின் மூச்சையும் இருமலையும் ஒரு காலத்தில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். கணினிக்கு நோய் பார்க்கக் கற்றுக்கொடுக்க இப்போது அவை வேண்டுமாம். ஆனால் தேதிகள் கண்டமேனிக்குக் கிடந்தன. சிலர் நாளை முன்னால் போட்டிருந்தார்கள், சிலர் மாதத்தை. எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவருவதுதான் அவள் வேலை. குழப்பம் வந்தால் பதிவைக் கேட்டுப் பார்ப்பாள். ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு நர்ஸ் தேதியைச் சொல்வாள். அலுப்பே இல்லாத, கனிவான குரல். அந்த நர்ஸ் செத்துப் பல வருஷமாகிறது என்று மேலாளர் ஒருமுறை சொல்லியிருந்தார்.

கேட்டும் தெளியாதவற்றைச் ‘சந்தேகம்’ என்ற பகுதிக்குத் தள்ளலாம். அங்கே ஒரு நாள்தான் தங்கும். மறுநாள் திரும்ப வந்து நிற்கும்.

அன்று மதியம் வந்த பதிவில் 06/07 என்று இருந்தது. ஜூன் ஏழா, ஜூலை ஆறா? வருஷமோ இந்த வருஷம். எவரோ தூக்கக் கலக்கத்தில் அடித்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே ஹெட்போனை மாட்டினாள்.

“ஜூலை ஆறு,” என்றது நர்ஸின் குரல்.

அன்றைக்கு ஜூலை ஆறு.

அடுத்து மூச்சு. சின்னஞ்சிறு நெஞ்சு ஒன்று. இழுக்கும்போது விசில், விடும்போது மெல்லிய முனகல். அந்த விசிலைக் கேட்டுக் கேட்டே எத்தனையோ ராத்திரி கண்விழித்தவள் அவள். வீட்டில் சளியோடு படுத்திருக்கும் மகளின் மூச்சு அது.

மூச்சு மெலிந்தது.

நின்றது.

“முடிஞ்சிருச்சு,” என்றாள் நர்ஸ், அதே கனிவோடு.

ஹெட்போனைக் கழற்றினாள். இன்றைய தேதியாக மட்டும் இருக்கக் கூடாது. போன மாதம் மகள் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். அந்தத் தேதியைப் போட்டால் இது பொய்யாகிவிடும் அல்லவா? ஜூன் ஏழு என்று அடித்துச் சேமித்தாள். கையோடு கணவனை அழைத்து, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.



“மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?” என்றான் அவன். “பாப்பா போயி ஒரு மாசம் ஆச்சும்மா.”

சேமித்த தேதியை அழித்தாள். இன்றைய தேதியைப் போட மனம் வருமா? பதிவைச் சந்தேகத்துக்குத் தள்ளினாள். கைப்பேசி ஒலித்தது.

“அம்மா, அப்பா கதையைத் தப்புத் தப்பா சொல்றாரு. நீ வா.”

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து வாய்விட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. வரப்போகும் தேதிகளைப் போட்டுப் பார்த்தாள், கணினி ஏற்கவில்லை. பதிவையே அழித்துப் பார்த்தாள், மறுநாள் வந்து நின்றது. நர்ஸின் குரல் தினமும் அன்றன்றைய தேதியைச் சொன்னது. தினமும் அவள் அதைச் சந்தேகத்துக்குத் தள்ளினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் காவலாளியைக் கெஞ்சிக் கதவைத் திறக்க வைத்தாள். கூட வேலை பார்ப்பவர்கள், ஆபீஸையே கட்டிக்கொண்டாள் என்று கேலி பேசினார்கள். நோயாளிக் குழந்தையை விட்டுவிட்டு அப்படி என்ன வேலை என்று கணவன் எரிந்து விழுந்தான். சொன்னால் யார் நம்புவார்கள்? மகளின் சளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பெருமழை பெய்த ஒரு நாள், தொப்பலாக நனைந்து அவள் தாமதமாக உள்ளே நுழைந்தபோது, மேலாளர் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார். நல்ல மனுஷர், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்.

“லீவு நாள்லகூட ஓடி வர்றீங்களே, பாவமா இருந்துச்சு. மிச்சம் கிடந்த அந்த ஒண்ணை நானே முடிச்சிட்டேன். மொத்தத்தையும் பூட்டி அனுப்பியாச்சு, இனி யாரும் தொட முடியாது. போயி பாப்பாகூட இருங்க.”

என்ன தேதி போட்டார் என்று கேட்டாள்.

“அந்தம்மாதான் தெளிவாச் சொல்றாங்களே. இன்னிக்குத் தேதிதான்.”

கைப்பேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். கணவன் குரலில் வெகுநாளாக இல்லாத நிம்மதி இருந்தது.

“பாப்பா அசந்து தூங்குறா. விசில் சத்தமே இல்ல. நீ அனுப்பின நர்ஸம்மா வந்து நெஞ்சுல கை வச்சாங்க, அவ்வளவுதான்.”

அவள் வாசலை நோக்கி ஓடினாள்.

“இரு, இங்கதான் நிக்கிறாங்க,” என்றான் அவன். “உன்கிட்ட ஏதோ தேதி சொல்லணுமாம்.”