லேக் வியூ காலனியின் நீர்மட்டம்

அபயாம்பாள் முதன்முதலாக அவனைப் பார்த்தபோது அவன் செத்துக்கிடந்தான்.

அப்படித்தான் அவள் நினைத்தாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. எட்டாம் நம்பர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. வெளியே மழை. நாலு முறை கூப்பிட்டும் பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் சமையலறைத் தரையில் ஓர் இளைஞன் குப்புறக் கிடக்கிறான்... கன்னம் சிமெண்டில் ஒட்டியிருக்கிறது... கண்கள் மட்டும் அகலத் திறந்து சுவரையே பார்க்கின்றன.

கத்துவதற்காக வாயைத் திறந்தாள். கொட்டாவி மாதிரி கொஞ்சம் காற்று மட்டும் வந்தது.

"வெளிச்சத்த மறைக்காதீங்க மேடம்" என்றது பிணம்.

அபயா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க... உயிரோடதான் இருக்கீங்களா?"

"ஹவ், இருக்கேன். ஆனா எம்.எஸ்ஸி. ஜியாகிரபி படிக்கிறேன். அதனால பெரிசா வித்தியாசம் இல்ல."

அவன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் பாதி சுண்ணாம்பு. மறுபாதியில் இரண்டு கண்கள் இருக்க முடியாதுதான். ஆனால் அபயாவுக்கு அந்த நேரத்தில் எண்ணிக்கை குழம்பிவிட்டது. மழைக்கு முன் இருட்டுகிற வானம் போல ஒரு கறுப்பு... அதற்குள் ஒரு சின்ன மின்னல்...

ச்சே, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். பிணமாக நினைத்தவனை இரண்டாவது நிமிடமே வர்ணிப்பதா?

அது 2006, ஜூலை மாதம். ஹைதராபாதில் கம்ப்யூட்டர் படிக்காதவர்களை, ஜுரமா என்று விசாரிப்பது போல் விசாரித்த காலம். தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூட விஞ்ஞானியான ஜகதீசனின் ஒரே பெண் அபயா, நகரத்து நடுவில் ஓர் அரசு மகளிர் கல்லூரியில் அதே எம்.எஸ்ஸி. ஜியாகிரபி இரண்டாம் ஆண்டு. அவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, காணாமல்போன ஓர் ஏரியை. ஏரியைத் தூர்த்து வீடு கட்டி, அதற்கு லேக் வியூ காலனி என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

தரையில் கிடந்தவன் குணசேகரன். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா பெருமாள் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அரசுக் கல்லூரி. அவனும் எடுத்துக்கொண்டது இதே ஏரியை.

"இது என் ஏரி" என்றாள் அபயா.

"எடுத்துட்டுப் போங்க. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

வீட்டுக்காரியான எலிசபெத், ஓய்வுபெற்ற நர்ஸ், இரண்டு டம்ளர் டீயுடன் கொல்லைப்புறத்திலிருந்து வந்தார். "ரெண்டு பேரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறீங்க. சேந்து வந்திருந்தா எனக்கு வாய் வலிச்சிருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கோட்டைக் காமிச்சியா தம்பி?"

அபயா சுவரைப் பார்த்தாள். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஈரத்தின் கோடு ஒன்று சுவரை ஒட்டி நேராக ஓடியது. பென்சிலால் இழுத்தது போல அத்தனை நேர். அதற்குக் கீழே சுவர் கறுத்து, தொட்டால் குளிர்ந்தது.

"வருஷா வருஷம் வெள்ளையடிக்கிறேன். சரியா அதே எடத்துக்கு வந்து நிக்கும். மத்தியானம் மூணு மணிக்கு ஒரு சத்தம் வேற கேக்கும்... மீன் துள்ற மாதிரி."

அபயா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாக ஐந்து நிமிடம். டீயை ஒரே வாயில் குடித்துவிட்டுக் கிளம்பினாள். நாக்கு சுட்டது. மானம் தப்பியது.

*

மறுநாளும் அவன் இருந்தான். அதற்கடுத்த நாளும்.

அவளிடம் அமெரிக்காவில், சான் ஹோசேயில் இருக்கும் மாமா கொண்டுவந்த ஜி.பி.எஸ். கருவி. ஒவ்வொரு வாசலிலும் நின்று, அந்த வீடு பூமியில் எங்கே இருக்கிறது என்று ஆகாயத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவனிடம் கொத்தனார்கள் வைத்திருக்கும், கண்ணாடி போன்ற நீள பிளாஸ்டிக் டியூப். அது நிறையத் தண்ணீர். ஒரு முனையை இந்த வீட்டுக் கோட்டில் வைத்து, மறுமுனையை அடுத்த வீட்டுக் கோட்டில் வைத்தால் இரண்டும் ஒரே மட்டமா என்று தெரிந்துவிடும். அதற்கு ஆள் இரண்டு வேண்டும். "நட்புக்காக இல்ல, நாட்டுக்காக" என்று அவன் நீட்டிய முனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

நடுவில் சுவர். அந்தப் பக்கம் அவன் குரல்.

"நின்னுச்சா?"

"இல்ல... இன்னும் ஆடுது."

"கைய ஆட்டாதீங்க."

"நான் ஆட்டல. நீங்க பேசாம இருந்தா நிக்கும்."

பேச்சு நின்றது. தண்ணீரும் நின்றது. அபயாவின் நெஞ்சுக்குள் மட்டும் ஏதோ ஆடிக்கொண்டிருந்தது...

ஒன்பதாம் வீட்டில் கோடு தொடை உயரம். பன்னிரண்டில் இடுப்பு. தெரு சரியச் சரிய கோடு சுவரில் ஏறியது. டியூப் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பதிலைச் சொன்னது: எல்லாம் ஒரே மட்டம்.

"புரியுதா?" என்றான் குணசேகரன் மெதுவாக. அப்போது அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. "ஏரி எங்கயும் போகல மேடம். நின்ன எடத்துலயே நிக்குது. நாமதான் அதுக்குள்ள வீடு கட்டிக் குடியிருக்கோம்."

அன்று சாயங்காலம் தார்நாகா வீட்டில், பழைய சர்வே வரைபடத்தின் மேல் தன் முப்பத்தோரு புள்ளிகளையும் குறித்தாள் அபயா. குறித்து முடித்ததும் விளக்கை அருகே இழுத்து மறுபடி பார்த்தாள்.

ஈரக் கோடு உள்ள வீடுகளில் ஒன்றுகூட ஏரிக்குள் விழவில்லை. மேற்கே கரையைத் தாண்டி, பாறைக் குன்றின் சரிவில் வரிசையாக விழுந்திருந்தன. தண்ணீர் குன்றின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

*

"குன்று மேல ஏறுதா?" குணசேகரன் வரைபடத்தைக் கையில் வாங்கவில்லை. "உங்க கருவியில செட்டிங் மாத்தினீங்களா? இந்த மேப் போட்டவங்க பூமிய ஒரு உருண்டையா நெனச்சுக் கணக்குப் போட்டாங்க. கருவி நெனச்சுக்கறது வேற அளவு உருண்டை. மாத்தலன்னா எல்லாப் புள்ளியும் நூத்தி நாப்பது மீட்டர் மேற்கே தள்ளி உக்காந்துக்கும்."

"அது எங்கப்பா செட் பண்ணது."

"அப்பா செஞ்சாலும் நூத்தி நாப்பதுதான்."

திங்கட்கிழமை எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான கருத்தரங்கம். அதில் அவள் கட்டுரை தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் சேர வேண்டும் என்பது அப்பாவுடன் ஒப்பந்தம். அங்கே ஏ.சி. அறையில் உட்கார்ந்து, பார்த்தேயிராத அமெரிக்கத் தெருக்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருக்க வேண்டும், ஆயுள் முழுக்க. குன்றேறும் தண்ணீர் அவளைக் காப்பாற்றும். இந்த டியூப்காரன் அதையும் பிடுங்குகிறான்.

"எங்கப்பா முப்பது வருஷமா விஞ்ஞானி" என்றாள். "லாலாகுடாவுல டியூப் புடிக்கிறவங்க அவருக்குச் சொல்லித்தர வேண்டாம்."

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தக் கண்களில் மின்னல் அணைந்ததை அவள் பார்த்தாள்.

"நக்கோ மேடம், வேணாம். யாருக்கும் சொல்லித்தரல." அவன் டியூபைச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் நடந்தான். குடை அவன் கையில்தான் இருந்தது, விரிக்கவே இல்லை.

*

ஞாயிறு காலை அபயா அந்தக் குன்றுக்குப் போனாள். வரைபடம் சொன்ன இடத்தில் பாறை சுள்ளென்று காய்ந்து கிடந்தது. ஓர் ஓணான் அவளை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு வரைபடத்திலும் பூமியிலும் ஒரே இடத்தில் இருக்கிற ஒன்றைத் தேடி, பழைய மதகுக் கல்லின் மேல் ஏறி நின்று கருவியைப் பார்த்தாள். கருவி அவளைக் குன்றில் நிறுத்தியது. இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தாள்.

நூற்று நாற்பது மீட்டர். ஒரு மீட்டர் குறையாது.

வீட்டில் ஜகதீசன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்ன விஷயம். யாரும் அவ்ளோ தூரம் செக் பண்ண மாட்டாங்க. நீ படிச்சிட்டு வந்துடு."

"ஒருத்தருக்குத் தெரியும்பா."

"யாரு?"

"என்னைவிட நல்லா ஜியாகிரபி படிச்சவர்" என்றாள். வேறு எதுவோ சொன்னது போலக் காது சிவந்தது.

திங்கட்கிழமை அரங்க வாசலில் பெயர்ப் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். அவள் பெயருக்கு அடுத்து குணசேகரன் பெயர்; அதன் மேல் ஒரு கோடு. "அந்தப் பையன் காலையில வந்து அவனே அடிச்சிட்டான்மா" என்றார் பொறுப்பாசிரியர் வரதராஜன். "எனக்கு முன்னாடி பேசுறவங்க பேசினா போதும்னான்."

அபயா மேடை ஏறினாள். முன்வரிசையில் அப்பா.

"என்னோட முப்பத்தோரு புள்ளியும் தப்பு" என்று ஆரம்பித்தாள். "தண்ணி குன்று மேல ஏறல. கருவிய நான் சரி பாக்கல. இதைக் கண்டுபிடிச்சவர் குணசேகரன். இந்த மேடையில நிக்க வேண்டியவர் அவர்தான்."

ஜகதீசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே எழுந்து, "கருவியை செட் பண்ணது நான்" என்றார், யாரும் கேட்காமலே.

வரதராஜன் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். எல்லா வீட்டையும் மறுபடி அளக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து.

*

அவன் எங்கே இருப்பான் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. காலனியின் ஆகத் தாழ்ந்த தெரு, கடைசி வீடு, இருபத்து மூன்றாம் நம்பர். யாரும் குடிவராத வீடு. கதவுகூட இல்லை. உள்ளே குணசேகரன் அண்ணாந்து நின்றிருந்தான்.

அங்கே ஈரக் கோடு அவர்கள் தலைக்கு மேல் ஓடியது. அபயா எக்கிக் கை நீட்டினாள்; விரல் நுனி மட்டும் கோட்டைத் தொட்டது. மழைச் சத்தம் எங்கோ மேலே, வெகு தூரத்தில் கேட்டது. காது அடைத்தது. பேசினால் வாயிலிருந்து குமிழி வருமோ என்று அவளுக்கு ஒரு விபரீத சந்தேகம்.

"லாலாகுடா பத்திச் சொன்னது... தப்பு" என்றாள். குமிழி வரவில்லை. "மேடையில மத்ததெல்லாம் சொல்லிட்டேன். இது உங்ககிட்ட சொல்ல வேண்டியது."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கும் ஒண்ணு இருக்கு. உங்க கருவி செட்டிங் தப்புன்னு முதல் நாளே ஸ்கிரீன்ல பாத்துட்டேன்."

"என்னது? மூணு நாள் சொல்லலையா? ஏன்?"

"சொன்னா சரி பண்ணிட்டு ஒரே நாள்ல முடிச்சிட்டுப் போயிருப்பீங்க..." அவன் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் பேசினான். "அப்புறம் டியூபோட அந்த முனைய யார் புடிப்பாங்க?"

கோபப்பட வேண்டும் என்று அபயாவுக்குத் தெரிந்தது. எவ்வளவு தேடியும் கோபம் கிடைக்கவில்லை.

"எட்டாம் நம்பர்ல ஒரு தடவை ரீடிங் எடுத்தாப் போதும்" என்றாள். "நான் அஞ்சு தடவை போனேன். எதுக்குன்னு நெனச்சீங்க?"

"டீக்கு."

"அந்த டீயைக் குடிச்சிருக்கீங்கல்ல?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு குணா. இதை மட்டும் நூறு தடவை சரி பாத்துட்டேன்."

பதிலுக்கு அவன் வாயைத் திறந்தபோது, அவர்களுக்குப் பின்னால், காய்ந்த தரையில், ஏதோ பெரிதாக ஒன்று துள்ளி விழுந்தது. தண்ணீரில் விழுகிற அதே சத்தம். மணி மூன்று.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீச்சல் தெரியுமா?" என்றான் குணசேகரன், உதடு அசையாமல்.

"தெரியாது. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது." அவன் கையை நீட்டினான். "அதனாலதான் கேக்கறேன்... சேந்து வரீங்களா, அபயா?"

அவள் பிடித்துக்கொண்டாள். தெருவில் மேலே மேலே நடந்தார்கள். இரு பக்கச் சுவர்களிலும் கோடு அவர்கள் கழுத்துக்கு இறங்கியது... இடுப்புக்கு... முழங்காலுக்கு... கரைக்கு வந்து சேர்ந்த பிறகும் இருவரும் கையை விடவில்லை.