சம்பந்தியின் பாதி நடை

காலை ஆறு பத்துக்கு நான் நடைப்பயிற்சியைத் தொடங்குவேன். அதற்காக எழுந்திருக்க வேண்டியதில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, வலது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் போதும். ஆறு பன்னிரண்டுக்குக் கெண்டைக்கால் இளஞ்சூடாகும். ஆறரைக்கு மூச்சு ஆழமாகும். ஆறே முக்காலுக்கு உடம்பெங்கும் ஒரு நல்ல களைப்பு பரவும். அந்தக் களைப்பிலேயே மறுபடி தூங்கிவிடுவேன்.

மதுரையில் நான் இப்படிப் படுத்திருக்கும்போது, கோவில்பட்டியில் என் சம்பந்தி கோகுல்நாத் கைவீசி நடந்துகொண்டிருப்பார்.

என் பெயர் தர்ஷன். வயது அறுபத்து நான்கு. மனைவி ஹாசினி. தர்ஷன், ஹாசினி, கோகுல்நாத் என்றாலே பொக்கை வாயும் கைத்தடியும் நினைவுக்கு வருகிற காலம் இது. இளையவர்கள் மருதன் என்றும் பூங்கோதை என்றும் பெயர் வைத்துக்கொண்டு எங்கள் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். மருதன் என் மகன். பூங்கோதை மருமகள், கோகுல்நாத்தின் ஒரே பெண்.

அறுபது முடிந்தால் எல்லோருக்கும் இடது தோளின் கீழே பங்குமணி பொருத்துவார்கள். துவரம்பருப்பு அளவுதான் இருக்கும். உழைக்கிற தசை ரத்தத்தில் சில செய்திகளை விடும். எலும்புக்கு, மூளைக்கு, இதயத்துக்கு என்று தனித்தனிச் செய்திகள். பங்குமணி அவற்றைப் படித்து, பாதியை இங்கே தணித்து, நம்மோடு இணைத்துவிட்ட இன்னொருவரின் உடம்பில் எழுப்பிவிடும். நான் நடந்தால் பாதிப் பலன் என் சம்பந்திக்கு, அவர் நடந்தால் பாதி எனக்கு. கெடுதலுக்கும் இதே சட்டம்தான். ஏன் இந்த ஏற்பாடு என்றால், தனக்காக எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்காத மனிதன்கூட, இன்னொருவரின் சிறுநீரகம் தன்னை நம்பியிருக்கிறது என்றால் எழுந்துவிடுவான் என்று சுகாதாரத் துறை கண்டுபிடித்தது. நம்மைப் பற்றி இவ்வளவு உயர்வாக ஒரு அரசுத் துறை நினைத்தது அதுதான் முதல் தடவை.

ஒரே ஒரு தடை உண்டு. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் இணையக் கூடாது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சட்டி வடையைத் தின்பார்கள், இருவரின் கெடுதலும் கூடிப்போகும். அந்தக் காலத்தில் ஒரே கோத்திரத்தில் கொடுக்கல் வாங்கல் கிடையாது, இந்தக் காலத்தில் ஒரே அடுப்பில் கிடையாது. ரத்தம், தூக்கம், செரிமானம் என்று பத்துப் பொருத்தம் பார்த்த அலுவலர் அம்மாள், "உங்க சம்பந்திக்கும் உங்களுக்கும் ஒன்பது பொருந்துது. சம்பந்தின்னா மரியாதைக்காவது ஒழுங்கா இருப்பீங்க" என்றார். அவருக்கு இன்னும் சம்பந்தி வாய்க்கவில்லை போலிருக்கிறது.

மரியாதைக்கு எங்களிடம் குறைவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோகுல்நாத் கூப்பிடுவார்.

"நல்லா இருக்கீங்களா சம்பந்தி? நேத்து சாயங்காலம் உங்களுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையோ?"

நேற்றுச் சாயங்காலம் நான் ஆறு உளுந்த வடை சாப்பிட்டிருந்தேன். "இல்லையே சம்பந்தி, நல்லாத்தான் இருந்தேன்."

"இல்ல, எனக்கு நெஞ்சு கொஞ்சம் எரிஞ்சுது. நான் ராத்திரிக்குக் கஞ்சிதான் குடிச்சேன். அதான் கேட்டேன்."

"வெயில் சம்பந்தி. இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி."

"ஆமாமா, வெயில்தான்."

அது மார்கழி மாதம்.

இது போதாதென்று பலகாரம் வேறு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர் வான்தபாலில் கடலை மிட்டாய் அனுப்புவார். நாங்கள் பதிலுக்கு நெய் மைசூர்பாகு அனுப்புவோம். சம்பந்தி வீட்டுப் பலகாரத்தை மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்பதால் இரண்டு பேரும் தீர்த்துவிடுவோம். அனுப்பிய சர்க்கரையில் பாதி, அனுப்பியவர் ரத்தத்துக்கே திரும்பிப் போகும்.

மூன்று வருடம் இப்படிச் சுகமாகப் போயிற்று. பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை ஆறு பன்னிரண்டாகியும் கெண்டைக்கால் சூடாகவில்லை. ஆறு இருபதுக்கும் ஒன்றுமில்லை. வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தால் ஒரு எரிச்சல் வருமே, எனக்கு அந்த எரிச்சல்தான் வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. புதன், வியாழனும் கால்கள் அப்படியே குளிர்ந்து கிடந்தன. வெள்ளிக்கிழமை, தனிக்குடித்தனம் இருக்கிற பூங்கோதை எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, அப்பா எழுதல் தேர்வுல தோத்துட்டாங்க" என்றாள்.

எழுதல் தேர்வு என்பது பேனா பிடிக்கிற சமாச்சாரம் இல்லை. வருடம் ஒருமுறை சுகாதார நிலையத்தில் பாயில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பிறகு தரையில் கையை ஊன்றாமல் எழ வேண்டும். அவ்வளவுதான். எழுந்தால், இன்னும் ஒரு வருடம் நீங்கள் உங்கள் வீட்டில் இருக்கலாம்.

"எந்திரிக்க முடியலையா?"

"ரெண்டு கையையும் ஊனிட்டாங்க. தொண்ணூறு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாப்பாங்க. அதுலயும் ஊனினா திருச்சி துணையில்லம்தான். வெக்கப்பட்டுக்கிட்டு நாலு நாளா வாசலைத் தாண்டல."

துணையில்லத்தில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. மெத்தையில் அலுங்காமல் தூக்கி உட்காரவைக்க இயந்திரம் உண்டு. ஆனால் கோகுல்நாத்துக்கு மனைவி தவறி ஆறு வருடமாகிறது. தனியாக இருக்கிற அந்த மனிதருக்குத் தெருமுனை டீக்கடையில் ஏழு பேர் காத்திருப்பார்கள். ஒருநாள் வரவில்லையென்றால் வந்து கதவைத் தட்டுவார்கள். "இந்த நாலு நாளும் தட்டினாங்களாம் மாமா. திருச்சியில யார் தட்டுவா?" என்று கேட்டாள் பூங்கோதை.

"தினம் ஆறாயிரம் அடி நடக்கிறவருக்கா இந்தக் கதி?" என்றேன்.

அடுக்களையிலிருந்து ஹாசினியின் குரல் வந்தது. "ஆறாயிரத்துல மூவாயிரம் இங்க வந்து போத்திக்கிட்டுப் படுத்திருக்குல்ல."

பூங்கோதை தரையைப் பார்த்தாள். "டாக்டரும் அதைத்தான் சொன்னாங்க மாமா. இங்கேருந்து போகுது, அங்கேருந்து ஒண்ணும் வரலன்னு. இணைப்பைத் துண்டிச்சுடச் சொன்னாங்க. அதுக்கு ரெண்டு பேர் கைரேகையும் வேணும். அப்பா உங்ககிட்ட கேக்கவே மாட்டேன்னுட்டாங்க. பொண்ணு வாழற வீட்டுக்காரரைப் போய் வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னு கேக்கறாங்க. நான் சொன்னதா காட்டிக்காதீங்க."

என்னிடமும் கொஞ்சம் மானம் மிச்சம் இருந்தது. அன்றே அவரைக் கூப்பிட்டேன்.

"சம்பந்தி, இந்த இணைப்பை வேணும்னா நாம துண்டிச்சுக்கலாமான்னு..."

"நான் ஏதும் குறை வச்சுட்டேனா சம்பந்தி?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல!"

"பொங்கலுக்கு அனுப்பின மிட்டாய் நமுத்துப் போயிருந்துச்சோ?"

"அருமையா இருந்துச்சு சம்பந்தி."

"அப்புறம் ஏன் இந்தப் பேச்சு? பிள்ளைங்க காதுல விழுந்தா என்ன நினைக்கும்? வேண்டாம் சம்பந்தி." வைத்துவிட்டார்.

ஆக, அந்த மனிதர் திருச்சிக்குப் போனாலும் போவாரே தவிர, என்னைக் கைவிட மாட்டார். மிச்சமிருந்தது ஒரே வழி. ஹாசினியைப் பார்த்தேன். மூன்று வருடமாக அவள் காத்திருந்த பார்வை போலும் அது.

"ஜிம்முக்குப் போகட்டுமா?" என்று வீரமாகக் கேட்டேன்.

"பெரிய பழக்கமெல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. ரெண்டாம் நாள் கழுத்து சுளுக்கிக்கிச்சும்பீங்க. சின்னதா, பல்லி மாதிரி, உங்களுக்கே தெரியாம உள்ள வரணும்."

முதல் பல்லி தண்ணீர்த் தம்ளர் வழியாக வந்தது. என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இரண்டு லிட்டர் புட்டி காணாமல் போய், கூடத்தின் மறுகோடியில் ஒரு பானையும், மருந்து குடிக்கிற அளவில் ஒரு தம்ளரும் வந்தன. தாகம் எடுத்தால் எழ வேண்டும். மதுரையில் சித்திரையில் ஒருவனுக்கு எத்தனை முறை தாகம் எடுக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அடுத்தது பல் துலக்குவது. மேல்வரிசைக்கு இடது காலில் நிற்க வேண்டும், கீழ்வரிசைக்கு வலது காலில். முதல் நாள் துண்டுக் கம்பியைப் பிடித்தேன். அது சுவரை விட்டு என்னோடு வந்துவிட்டது.

சாப்பாடு தரையில். உட்காருவதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை, பூமி இழுத்துக்கொண்டது. எழுவதற்கு முதல் வாரம் சோபாவின் கை, பீரோவின் பிடி, ஹாசினியின் தோள் மூன்றும் தேவைப்பட்டன. மூன்றாம் வாரம் பீரோவை விட்டேன். நாங்கள் நான்காவது மாடி. மூன்றாவது மாடிவரை லிஃப்டில் போய்ப் பாக்கியை ஏறினேன், பிறகு இரண்டாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்கு முன்னால் முடிந்தது. வடை ஒன்றே ஒன்று. அதையும் ஹாசினி நடுவில் பெரிய ஓட்டை போட்டுச் சுட்டாள்.

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை கோகுல்நாத் கூப்பிட்டார். குரலில் தயக்கம்.

"சம்பந்தி, கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? இப்பல்லாம் சாப்பாட்டு நேரத்துல எனக்குத் தொடை இழுக்குது. காலைல பல் தேய்க்கும்போது கணுக்கால் குறுகுறுங்குது."

"வெயில் சம்பந்தி."

"இருக்கும், இருக்கும். நாளைலேருந்து நானும் பழையபடி நடக்கலாம்னு பாக்கேன்."

மறுநாள் ஆறு பன்னிரண்டுக்கு நான் மாடிப்படியில் இருந்தேன். கெண்டைக்கால் சூடானது. அதில் அவருடையது எவ்வளவு, என்னுடையது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. படியிலேயே நின்று கொஞ்சம் மூக்கை உறிஞ்சினேன். கீழே வந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், மூச்சு வாங்குகிறதாக நினைத்து முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

தொண்ணூறாவது நாள் கோவில்பட்டிக்குப் போனேன். சுகாதார நிலையத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது, எல்லாம் பாய். டீக்கடைச் சிநேகிதர்கள் ஏழு பேரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கண்ணாடிக் கதவோரமாக ஒரு பாயில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே இளம்பெண் அலுவலர் ஒருவர் கையில் பலகைத் திரையோடு நின்றார். கோகுல்நாத் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். ஆள் இளைத்துப் போயிருந்தார்.

"எப்ப வேணா எழும்பலாம் ஐயா" என்றார் அலுவலர்.

அவர் முன்னால் சாய்ந்தார். இடுப்பு உயர்ந்தது. கால்கள் நடுங்கின. பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டார். வலது கை மெல்லக் கீழே இறங்கியது. பாய்க்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. பிறகு அரைச் சாண். பங்குமணி மூன்று மாதத்து உழைப்பைக் கொண்டுபோகுமே தவிர, மூன்று நொடி அவசரத்தைக் கொண்டுபோகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே உட்கார்ந்து முக்கினேன். என் பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார்.

கை நின்றது. திரும்பி மேலே போனது. கோகுல்நாத் எழுந்து நின்றார்.

ஜன்னலில் பெரிய கூச்சல். அலுவலர் பலகையில் ஏதோ தட்டிவிட்டுச் சிரித்தார். வேட்டியை அவிழ்த்துவிட்டபடி வெளியே வந்த கோகுல்நாத் என் முன்னால் நின்றார்.

"ரொம்ப சந்தோஷம் சம்பந்தி" என்று ஆரம்பித்தேன். "உங்க நடை என்ன, உங்க கட்டுப்பாடு என்ன..."

"ஓய்" என்றார்.

நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். என்னைத்தான்.

"மூணு வருஷமா நான் கஞ்சியைக் குடிச்சிட்டு உம்ம வடைக்கு ஏப்பம் விட்டுக்கிட்டு இருந்தேன் வே! ஒரு நாளாவது சொன்னீரா?"

"நீங்களாவது சொல்லியிருக்கலாமே சம்பந்தி..."

"எப்படிச் சொல்ல? பொண்ணு வாழற வீடு. வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இப்ப உள்ள கை கீழ போச்சு பாத்தீரா? சரி, திருச்சிக்குத்தான் போறோம்னு ஆயிப்போச்சு. போறதுக்கு முந்தி உம்மள நல்லா நாலு வார்த்தை கேட்டுரணும்னு நினைச்சேன். அந்தக் கோவத்துல எழும்பிட்டேன் வே." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். பிறகு குரல் இறங்கியது. "கோவம் மட்டும் போதாதுன்னும் தெரியும். கால்ல ஏதோ புதுசா இருந்துச்சு."

கையை நீட்டினேன். ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்ததில் என் கால்கள் மரத்துப்போயிருந்தன. "ஒரு கை குடுங்க."

"கையெல்லாம் கிடையாது. எழும்பும். அதுல பாதி என் காலு, எழும்பும்னு எனக்குத் தெரியும்."

ஒரு முனகலோடு எழுந்தேன். நடுவில் சுவரைத் தேடிப்போன என் கையை அவர் தட்டிவிட்டார். நான் நிமிர்ந்து நின்றதும், என் பின்னால் ஒட்டியிருந்த பாய்க்கோரையை எடுத்துப் போட்டுவிட்டு, மூன்று வருடத்தில் நான் என்னென்ன தின்றேன், எத்தனை மணிக்குத் தின்றேன் என்று ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார். தேதி உட்பட எல்லாம் அவருக்கு நினைவிருந்தது. அவர் தெருமுனை டீக்கடை அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். கடை வந்தும் திட்டு தீரவில்லை என்பதால், தெருவை இன்னொரு சுற்று சுற்றினோம்.