பழசுக்குப் புதுசு

ஊசி மருந்து முழுதும் ஏறி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, கணவரின் நெஞ்சுக்குள் கேட்ட சத்தம் மாறியது.

பதினோரு வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்டுப் பழகிய சத்தம். இதயத்தில் பொருத்திய உலோக வால்வு மூடும்போதெல்லாம் மலிவான கைக்கடிகாரம்போல 'டிக்' என்னும். தூக்கம் வராத ஒரு நாள், "அதை நிறுத்தித் தொலைங்களேன்" என்று அவள் கத்தியிருக்கிறாள்.

"இது நின்னா நானும் நின்னுடுவேன், முதலாளி. பரவாயில்லையா?"

பாத்திரக்கடைக்கு முதலாளி அவர்தான். ஆனால் வீட்டில் அவளைத்தான் அப்படிக் கூப்பிடுவார்.

இன்று காலை கடைப் பரணிலிருந்து அண்டாவை இறக்கும்போது ஏணி சரிந்து, பின்மண்டை தரையில் மோதியது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. எழுந்து உட்கார்ந்தவர், போன மாதம் அதே அண்டா விழுந்து கறுத்துப்போன இடதுகால் பெருவிரல் நகத்தைக் காட்டி, "இதுக்கும் எனக்கும் ஏதோ முன்விரோதம்" என்று சிரித்தார். பத்து மணிக்கு அந்தச் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க அவர் தினமும் சாப்பிடும் மாத்திரையால், மண்டைக்குள் கசிகிற ரத்தம் உறைய மறுக்கிறது. மாத்திரையின் வேலையை முறிக்க மருந்து ஏற்ற வேண்டும். ஏற்றினால் தலை பிழைக்கும். வால்வு அடைத்துக்கொள்ளலாம்; அப்படியே ஆனாலும் சில நாள் பிடிக்கும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம்.

நாக்கு குழறியபோதும் அவர் பேரத்தை விடவில்லை. "தலைக்கு மட்டும் கெட்டியாக்குங்க டாக்டர். நெஞ்சை விட்டுடுங்க."

"ஒரே ரத்தம்தானே ஐயா. பிரிச்சுத் தர முடியாது."

"என் கடையில மூடியைத் தனியாவே குடுப்பேம்மா."

கையெழுத்தை அவள் போட்டாள்.

இப்போது அவர் உறங்குகிறார். பின்மதிய வெயில் கண்ணாடி வழியே வெளுத்து விழுந்து, துடைத்த தரையின் மருந்து நெடியைச் சூடாக்கி, பக்கத்துக் காலிப் படுக்கையை மறைத்த பச்சைத் திரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்கும் நெடிக்கும் நடுவே அவள் காது கூர்ந்திருந்தது ஒன்றுக்குத்தான். டிக், ஈரத்துணியில் சுற்றியதுபோல, தக் ஆகியிருந்தது.

"சத்தம் மாறுதும்மா," என்றாள் நர்ஸிடம்.

"மானிட்டர்ல எல்லாம் சரியா இருக்கேக்கா. நைட்டுக் கொசு மாதிரி, கேட்டுட்டே இருந்தா அப்படித்தான் தோணும்." அவள் முகத்தைப் பார்த்ததும் நர்ஸ் சிரிப்பை நிறுத்தினாள். "சரி, டாக்டரைக் கூட்டிட்டு வரேன்."

காலடிகள் தேய்ந்தன. அவள் குனிந்து அவர் மார்பில் காதை வைத்தாள்.

தக்.

த.

பிறகு ஒன்றுமில்லை.

நிமிர்ந்தாள். மானிட்டரில் பச்சைக் கோடு ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதை வைத்தாள். கிணற்றில் கல் போட்டுவிட்டுக் காத்திருப்பதுபோல. சத்தமே வரவில்லை.

"என்னங்க."

கண்கள் திறந்தன. அவர் சிரித்தார். கோணல் துளியும் இல்லாத சிரிப்பு. 'முதலாளி' என்ற வார்த்தைக்காக அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாங்கம்மா," என்றார், முதல்முறை கடையேறும் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில். "என்ன பார்க்கறீங்க?"

"நான்தாங்க. என்னைத் தெரியலையா?"

"பழசைப் போட்டுத்தானேம்மா புதுசு எடுத்தீங்க. கையெழுத்தும் போட்டாச்சு. திருப்பிக் கேட்டா எப்படி?"

அவள் கையைப் பிடித்தார். அடுப்பேறாத புதுப் பாத்திரத்தின் குளிர்ச்சி. உதறினாள். விடவில்லை. இழுத்த இழுப்பில் போர்வை கால்மாட்டிலிருந்து நழுவியது.

இடது பெருவிரல் நகம்.

வெள்ளையாக இருந்தது. பளிச்சென்று.

டிக்.

திரைக்குப் பின்னாலிருந்து.

டிக். டிக்.

பச்சைத் துணியின் விளிம்புக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள். அவள் பக்கம் திரும்பி. இடது பெருவிரலில் கறுத்த நகம்.