பதில் வராத கட்டுரை

மின்சாரம் போய், ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே இருவர். மூலையில் சாய்ந்து கண்மூடி நின்றவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்து டாக்டர். எதிரே நெட்டையாக நின்றவன் குழந்தைகள் வார்டு டாக்டர். முகமெல்லாம் தூக்கமின்மை.

"இங்க லிஃப்ட் மட்டுமா நிக்குது? எல்லாமே பாதியிலதான் நிக்குது," என்று அலுத்துக்கொண்டான். "நம்ம மருத்துவ இதழுக்கு ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் அனுப்பினேன். எட்டு மாசமாச்சு... கிணத்துல போட்ட கல்லு! அந்த எடிட்டர் ஏதோ கிழமாத்தான் இருக்கணும்."

அவள் கண்களைத் திறந்தாள். களைத்த கண்கள்... ஆனாலும் அந்த அரையிருட்டில் அவனுக்கு ஏனோ பேச்சு தடுமாறியது.

"அந்தக் கிழம் நான்தான்."

"ஐயோ..."

"படிச்சுக் கருத்துச் சொல்லுங்கன்னு ஏழு டாக்டர்கிட்ட கேட்டேன். ஒருத்தரும் மூச்சு விடல. அங்க எடிட்டர், பிழை திருத்தறவ, தபால்ல ஸ்டாம்ப் ஒட்டறவ எல்லாம் நானேதான். வேலை முடிஞ்சப்புறம்! திட்டணும்னா வரிசையில நில்லுங்க."

விளக்கு வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது.

மறுநாள் நல்ல மழை. இதழின் அலுவலகம் என்று பேருக்கு இருந்த அந்தச் சின்ன அறையில், ஒழுகும் இடத்தில் அவள் வாளி வைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் அவன்!

"மத்தவங்க பேப்பர் இருந்தா கொடுங்க, படிச்சுச் சொல்றேன். கிழம்னதுக்குப் பரிகாரம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை நாளாயிற்று...

அதன்பிறகு சாயங்காலங்களில் வந்தான். "இந்த வாக்கியத்துக்கு மூச்சே இல்ல டாக்டர், பிழைக்க வைங்க," என்பாள் அவள். அவன் வரத் தாமதித்தால் கண் வாசலுக்குப் போகும். சீ, என்ன இது...

ஒருநாள் தலைகுனிந்து வந்தான். "உள்ளூர் இதழ்ல போட்டா யார் மதிப்பான்னு எங்க வார்டு சீஃப் கேக்கறார். என் பேப்பரை வெளிநாட்டு இதழுக்கு அனுப்பணுமாம். இல்லேன்னா பதவி உயர்வை மறந்துடுன்னு..."

அவளுக்குச் சுருக்கென்றது. நல்ல கட்டுரையெல்லாம் இப்படித்தான் போகிறது. இங்கே குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர்கள் கண்ணிலேயே படாத இடத்துக்கு.

"எடுத்துட்டுப் போங்க. நான் யாரையும் கெஞ்சினதில்ல."

போய்விட்டான்.

அடுத்த இதழ் நோஞ்சானாய் வந்தது. "உன் புஸ்தகத்துக்கும் ஆள் இல்ல, உனக்கும் ஆள் இல்ல," என்றாள் அம்மா. இதழை நிறுத்திவிடுவது என்று முடிவுசெய்து அறிவிப்பை எழுத உட்கார்ந்த சாயங்காலம், கதவு தட்டப்பட்டது. அவன்தான்.

"பேப்பரைத் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்றாள் நிமிராமல்.

"இல்ல. ஏத்துக்கிட்டாங்க."

அவள் பேனா நின்றது. "சந்தோஷம்."

"கொடுக்க என்கிட்ட பேப்பர் இல்ல. நீங்களும் கூப்பிடல. இந்த ரூமுக்கு வர எனக்கு ஒரு காரணமும் மிச்சமில்ல... ஆனா கால் இங்கதான் வருது. உங்களைப் பாக்கத்தான் வருதுன்னு இப்பதான் புரிஞ்சுது."

"நான் ரொம்பக் களைச்சுட்டேன் டாக்டர்..."

"நானும்தான். தனித்தனியா எதுக்கு? சேர்ந்தே களைக்கலாமே..."

அறிவிப்பை ஒதுக்கிவிட்டு, மேஜைமேல் படிக்க ஆளில்லாமல் குவிந்திருந்த கட்டுரைகளில் பாதியை அவன் பக்கம் தள்ளினாள். கண்கள் நிறைந்து எழுத்து கலங்கியது.

"நீங்க வராத சாயங்காலம் ஒண்ணுகூட எனக்குப் பிடிக்கல," என்றாள், மிக மெதுவாக.