ஜெல் படுக்கை

வெள்ளிக்கிழமை, காலை 8.40. மாமல்லபுரம் சாலையில் உள்ள அந்தத் தனியார் ஆராய்ச்சிக்கூடத்தில் சுஷ்மிதாவின் செல்கள் மொத்தமாகக் கெட்டுப்போயிருந்தன.

சுஷ்மிதா கடப்பாக்கத்துக் குழந்தை. ஏழு வயது. தசைகள் கரைந்துகொண்டே போகும் நோய். தொடையிலிருந்து எடுத்த துளி சதையின் ஸ்டெம் செல்களை வைத்துத்தான், எந்த மருந்து அவளுக்குக் கேட்கும் என்று பார்க்க இருந்தார்கள். இன்னொரு முறை மயக்கம் கொடுத்துச் சதை எடுத்தால் நெஞ்சு தாங்காது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"யாரோ வேணும்னே மருந்து கலந்திருக்காங்க மேடம்" என்றார் கூடத்தின் தலைவர் கிருஷ்ணபிரசாத்.

"யார் மேல சந்தேகம்?" சப்-இன்ஸ்பெக்டர் சுஜாதா கேட்டாள்.

"ஹரிஹரன். சண்டை போட்டுட்டு வேலைய விட்டவன். சாவி இன்னும் அவன்கிட்டதான் இருக்கு."

9.30. ஹரிஹரன் வந்து நின்றான். 

"பூஜை லீவு ரெண்டு நாளும் எங்க இருந்த?"

"அச்சரப்பாக்கம், வூட்லதான் மேடம். அந்தக் கொழந்தையோட செல்லுல நான் கை வைப்பேனா?"

"சரி, இது எப்டி கெடும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"உடம்புல இது தசைநார ஒட்டிக்கினு தூங்கும். நார் அடிபட்டா முழிச்சி வேலை செய்யும். எப்ப தூங்கணும், எப்ப எழுந்திருக்கணும்னு சுத்தி இருக்கற சதைதான் அதுக்குச் சொல்லணும். வெளிய எடுத்தா சதை மாதிரியே மெத்துன்னு ஜெல் படுக்கை போடுவோம். வெறும் பிளாஸ்டிக்ல வெச்சா தான் யாருன்னே மறந்துடும்."

"படுக்கைய எப்ப மாத்தினீங்க?"

"புதன்கிழமை. மதுவந்தி புது ஜெல் செஞ்சு மாத்தினா" என்றார் கிருஷ்ணபிரசாத். ஆய்வு மாணவி மதுவந்தி தலையாட்டினாள். 

சுஜாதா அறையைச் சுற்றி வந்தாள். செவ்வாய் மாலை போட்ட ஆயுத பூஜை கலையாமல் இருந்தது. மைக்ராஸ்கோப்புக்கும் பொட்டு, நாற்காலிக்கும் பொட்டு. ஓரத்தில் ஒரு விளக்குப் பெட்டி. மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் இழுத்த சந்தனக் கீற்று, விரிசல் விடாமல் காய்ந்திருந்தது.

"இது எதுக்கு?"

"ஜெல்ல இறுக வெக்கிற வெளக்கு. இது இல்லாம ஜெல் வராது மேடம்" என்றான் ஹரிஹரன்.

சுஜாதா ஒரு ஊசியை அவன் கையில் கொடுத்து, கெட்டுப்போன தட்டைக் காட்டினாள். குத்திப் பார்த்தான். ஊசி வெறும் பிளாஸ்டிக்கில் கரகரவென்று உரசியது.

"மேடம், இதுல ஜெல்லே இல்ல."

"இருக்காது. செவ்வாக்கெழமை வெச்ச சந்தனம் இன்னும் உடையல. பெட்டியத் தெறக்காம புதன்கெழமை எங்கேர்ந்து ஜெல் வந்துது? இதக் கெடுத்தது ஹரிஹரன் இல்ல. பூஜை போட்ட பெட்டியத் தெறக்காதன்னு இந்தப் பொண்ணுக்கு வேற யாரு சொல்லுவா? புகார் கொடுத்த நீங்கதான் சார்."

மதுவந்தி உடைந்து அழுதாள். "பழைய ஜெல் கலங்கிடுச்சுன்னு சாருக்கு போன் பண்ணேன் மேடம். பூஜை போட்டத, வெள்ளிக்கெழமை புனர்பூஜை பண்ணி எடுக்கற வரைக்கும் தொடாத, சாதா பிளாஸ்டிக் டிஷ்ல வைன்னாரு."

கிருஷ்ணபிரசாத் நாற்காலியில் சாய்ந்தார். "இதையே பாடமா நடத்தறவன் நான். ரெண்டு நாள்ல என்ன ஆகிடப்போகுதுன்னு நெனச்சேன்."

"கொழந்தைக்காகன்னு பொட்டியத் தெறந்திருந்தா எந்தச் சாமியும் கோச்சிக்கினு இருக்காது சார். தப்பு எல்லாருக்கும் வரும். அத இவன் தலையில கட்டினீங்களே?"

யாரைச் சிறையில் தள்ளி என்ன? தூங்கிக்கொண்டிருந்த அந்தச் செல்கள் இனித் திரும்பாது. சுஜாதாவுக்கு, இந்த வழக்கில் தான் தோற்று, அவை பிழைத்திருந்தால் தேவலை என்று இருந்தது.

கிருஷ்ணபிரசாத்தும் அவளும் வெளியே வந்தபோது சுஷ்மிதாவின் அப்பா பார்த்திபன் நின்றிருந்தார். கட்டுமரத்திலிருந்து நேராக வந்தவர், கால்சட்டையில் ஈரம் காயவில்லை.

"கெட்டுப்பூட்ச்சாமே சார். என் தொடையிலேர்ந்து எடுத்துக்க. எவ்ளோ வேணா எடு."

"உங்க சதை உதவாது பார்த்திபன். மருந்து கேக்குமான்னு அவ செல்லுலதான் பாக்கணும்" என்றார் கிருஷ்ணபிரசாத்.

"என் சதை அங்க வளருதாப்பான்னு பாப்பா டெய்லி கேட்டுகினு கீது. இன்னா சொல்லட்டும்?"

"நானே வந்து சொல்றேன்" என்றார் கிருஷ்ணபிரசாத்.

பார்த்திபன் அவரையே பார்த்தார்.

"இன்னான்னு சார் சொல்லுவ?"