ஐந்தாம் எண்ணின் எடை

அன்று மாலை நாலு மணிக்கு எடை அறையில் இருந்தவர்கள்:

அண்ணன். மைதானத்தின் காவலர். கேலரிக்குக் கீழே உள்ள இரண்டு அறைக் குடியிருப்பில் பதினெட்டு வருடமாக அண்ணியோடும் மகளோடும் இருப்பவர்.

விசில் சார். கால்பந்து நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது மைதானச் சங்கத்தின் செயலாளர்.

நான். மைதானத்தின் ஆரம்ப வரலாற்றைத் தேடித் தருவதாக ஒப்புக்கொண்டவன்.

வேறு யாரும் உள்ளே வந்ததை நான் பார்க்கவில்லை. அதற்கு மேல் சத்தியம் செய்ய மாட்டேன்.

மைதானத்தை இடித்துவிட்டுக் கடை வளாகம் கட்ட இருந்தார்கள். நூறு வயதுக்கு மேல் என்று வெள்ளிக்கிழமை விசாரணையில் நிரூபித்தால் ஒரு செங்கல்லையும் தொட முடியாது. இல்லையென்றால் அண்ணன் குடும்பம் மூட்டை கட்ட வேண்டும். அண்ணி பாதிப் பாத்திரங்களை ஏற்கனவே பெட்டியில் போட்டுவிட்டார். நான் இரவு வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்தேன். சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதற்குப் பழைய பேப்பரையாவது பார் என்று அண்ணன்தான் என்னை இதில் இழுத்துவிட்டார்.

மூன்று வாரம் நூலகத்தில் தும்மிக்கொண்டே தேடினேன். திறப்பு விழாச் செய்தி ஒன்று கிடைத்தது. நடுவில் கால்பந்து, சுற்றிலும் குதிரைப் பந்தயம், இரண்டும் ஒரே நாளில். குதிரைகள் கடந்தபோது பந்தை யாரும் பார்க்கவில்லை. மரங்கள் அடர்ந்த கோடி வளைவுக்குள் ஐந்து குதிரைகள் போயின. ஐந்தும் வெளியே வந்தன.

ஒன்றின் மேல் ஆள் இல்லை.

இரண்டு கால்பந்து அணிகளும் இருட்டும் வரை தேடின. பிறகும் மூன்று நாள் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. செய்தி அதோடு நின்றுவிட்டது.

பந்தயப் பதிவேடு எடை அறையிலேயே ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. ஓடுவதற்கு முன் ஒரு எடை, ஓடி வந்த பின் ஒரு எடை. குதிரையோட்டி சேணத்தை மடியில் வைத்துத் தராசு நாற்காலியில் உட்கார வேண்டும். எல்லாரும் எடை கொடுத்த பிறகுதான் முடிவின் கீழே கையெழுத்து விழும். அந்தப் பக்கத்தில் நாலு பேருக்கு இரண்டு எடையும் இருந்தன. ஐந்தாம் எண்ணுக்கு முதல் எடை மட்டும், இன்றைய கணக்கில் ஐம்பது கிலோ. கையெழுத்து இல்லை. அடுத்த பதிவேடு பதினொரு வருடம் கழித்துத்தான் தொடங்கியது. அதை வைத்துக் கணக்குப் பார்த்தால் நூறுக்கு நாலு வருடம் குறைந்தது.

பேப்பர் செய்தி மட்டும் விசாரணையில் நிற்காது, பதிவேடு வேண்டும், ஆனால் கையெழுத்து இல்லாத பந்தயம் நடக்காத பந்தயம் என்றுதான் எதிர் வக்கீல் சொல்வார் என்றார் விசில் சார். செயலாளர் என்ற முறையில் தானே இன்றைய தேதி போட்டுக் கையெழுத்திடலாம், விதியில் காலக்கெடு கிடையாது, ஆனால் ஒரு கட்டம் காலியாக இருக்கும்போது முடியாது என்றார். ஊரே துரத்தியபோதும் ஒரு கோலை மாற்ற மறுத்த மனிதர். பொய் எழுத மாட்டார்.

அண்ணன் வழி கண்டுபிடித்தார்.

"எடை பாத்தேன்னு எழுதணும், அவ்வளவுதானே சார்? அவனுக்குப் பதிலா நான் உக்கார்றேன். பாத்துட்டு எழுதுங்க."

"பதில் ஆளுக்கு விதியில இடம் இல்லையேப்பா."

"கூடாதுன்னு இருக்கா?"

விசில் சார் விதிப் புத்தகத்தை இரண்டு முறை புரட்டினார். கூடாது என்று எங்கும் இல்லை. சிரிக்காமல் இப்படிப் பேச இந்த இரண்டு பேரால்தான் முடியும். நான் சிரித்தே அதைக் கலைத்திருக்கலாம். பதிவேட்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தராசின் ஒரு பக்கம் இரும்புக் கம்பியில் தொங்கும் தோல் நாற்காலி, மறு பக்கம் எடைக்கற்களுக்கான தட்டு. விசில் சார் தட்டில் ஐம்பது கிலோ அடுக்கினார். அண்ணன் எழுபத்தெட்டு. அவர் வருவதற்கு முன்னால் அவர் தொப்பை வீட்டுக்குள் வந்துவிடும் என்று அண்ணி கேலி செய்வார். சுவரில் தொங்கிய பழைய சேணத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஐந்தாம் எண்," என்று விசில் சார் கூப்பிட்டார்.

நாற்காலி தரையில் இடித்திருக்க வேண்டும்.

இடிக்கவில்லை.

கொஞ்சம் ஆடியது. மெதுவாக மேலே வந்தது. முள் நடுவில் நின்றது.

நசுங்கிய ஈரப் புல்லின் வாசனை வந்தது. அதற்குள் குதிரை வியர்வை. அந்த மைதானத்துக்குக் குதிரை வந்து நாற்பது வருடம் ஆகிறது. ஜன்னலுக்கு வெளியே யாரோ நெடுந்தூரம் நடந்து வந்தவர்போல மூச்சு வாங்கினார்கள். பிறகு அந்த மூச்சு அறைக்குள் கேட்டது.

"அண்ணா, இறங்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. விசில் சார் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் சேணத்தை இறக்கி வைத்தார்.

"நான் போகலாமா?" என்றார்.

சன்னமான குரல். அண்ணன் வாழ்க்கையில் சன்னமாகப் பேசியதில்லை. விசில் சார் பழக்கதோஷத்தில் தலையாட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதிவேட்டை ஏற்றுக்கொண்டார்கள். மைதானம் தப்பியது. அண்ணி அன்றைக்கே பாத்திரங்களை அலமாரியில் திருப்பி வைத்தார். சனிக்கிழமை காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்டிருக்கார். தூக்கத்துல கால் ரெண்டையும் இறுக்கி வெச்சுக்கறார். நேத்து என் பேர் என்னன்னு கேட்டார். வெளையாட்டுக்குன்னு நெனச்சேன். சிரிக்கவே இல்ல."

நான் நேராக விசில் சார் வீட்டுக்குப் போனேன். கையெழுத்தை அடித்துவிடச் சொன்னேன். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் தூக்கம் இல்லை என்று தெரிந்தது.

"ஆட்டம் முடிஞ்சப்புறம் முடிவை மாத்த முடியாது," என்றார். "மாத்தினா மைதானம் போயிடும். அவங்க ரோட்டுல நிப்பாங்க. யோசிச்சுட்டு வா, நீ சொன்னா அடிச்சுடறேன்."

யோசிக்கத்தான் திரும்பி வந்தேன். ஞாயிறு மாலை வரை யோசித்தேன்.

ஐந்து மணிக்கு ஆட்டம் முடிந்து பையன்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். குடியிருப்பின் வாசலுக்குப் பத்தடி தள்ளி நான் நின்றேன். என் பக்கத்தில், அண்ணனின் சட்டையில், கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, அவர் நின்றார். பேசிப் பார்த்துவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

கோடி வளைவிலிருந்து குரல் வந்தது.

மதில் ஏறும் பயல்களை அடுத்த தெரு வரை துரத்திய குரல். கரகரப்பு, அவசரம், எல்லாம் அதேதான்.

"டேய்! எழுதியாச்சா? நான் இறங்கட்டுமாடா?"

சைக்கிள் மணிகள் நின்றன. ஒரு பையன் வளைவைப் பார்த்தான், பிறகு என் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

அண்ணி ஈரக் கையோடு வாசலுக்கு வந்திருந்தார். அவருக்கும் கேட்டுவிட்டது. அவர் முகத்தை நான் பார்த்தேன்.

"சொல்லுடா! கால் மரத்துப்போச்சு!"

பக்கத்தில் நின்றவர் என் பக்கம் திரும்பினார்.

"தீர்ப்பு வந்துடுச்சு இல்ல," என்றார் சன்னமாக. "வீடு நம்மளோடதுதான்."

நடந்து போனார். அண்ணி நகரவில்லை. அவர் அண்ணியின் தோளைத் தொட்டு உள்ளே திருப்பினார். மகள் உள்ளே சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஓடினேன். பத்தடி.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு, நிதானமாக, பூட்டில் சாவி சுற்றியது.