ஆற்றுப் படலையில் மூன்று முறை

வெட்டிவந்த வாழையிலைகளை அவர் கிணற்றடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆறு இலைகள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்: என் கணவர் நல்லரத்தினம், அவருடைய தங்கை புஸ்பம், நான். மற்ற மூன்று இலைகளும் வழியால் போகிறவர்களுக்கு.

தொண்ணூற்றோராம் ஆண்டு சித்திரை வருசப் பிறப்பு. உச்சி வெயில்.

வருசத்தன்று வீட்டார் சோற்றில் கைவைக்குமுன் றோட்டு வாசல் படலைக்குப் போய், சாப்பிடாதவர்கள் இருந்தால் வரும்படி மூன்று முறை கூப்பிடவேண்டும். அவருடைய தகப்பன் நாளிலிருந்து வந்த வழக்கம். மீன் பெட்டியோடு மாங்கேணியிலிருந்து வருகிற சைக்கிள்காரரோ, ஏறாவூர்ப் புடவை வியாபாரியோ, யாராவது வந்து உட்காருவார்கள். அந்த வருடம் றோட்டுக்கு எதிரே ஆமிக்காரர் காவலுக்குச் சென்றி போட்டிருந்தார்கள். அங்கே நின்று சத்தம் போட ஒருவருக்கும் துணிவில்லை.

"அப்ப பின்படலையில நிண்டு கூப்பிடுறன்," என்றார்.

"ஆத்துல ஆரு அண்ணன் இருக்காங்க? கெளுத்தி மீனுக்கு இலை போடப் போறீங்களோ?" என்று புஸ்பம் சிரித்தாள்.

"வந்தா வரட்டும். நாளைக்கு உனக்குக் குழம்பு."

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். பின்படலைக்கு அப்பால் கண்ணா மரங்கள், சேறு, பிறகு தண்ணீர். பாதை கிடையாது.

"சாப்பிடாத ஆக்கள் ஆரும் இருந்தா வாங்க!"

இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு, எப்போதும்போல, பீடிக் கரகரப்புப் போகச் செருமிவிட்டு மூன்றாம் முறை கூப்பிட்டார்.

கண்ணா மரங்களில் இருந்த கொக்குகள் ஒரேயடியாக எழும்பின.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர்களுடைய உடுப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூவரும் கைகளைப் பின்னால் வைத்தபடி நடந்தார்கள். பழைய பாசியின் நாற்றம் அவர்களுக்கு முன்னே வீட்டுக்குள் வந்துவிட்டது.

"வாங்க, இரிங்க," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

இருந்தார்கள். அப்போதுதான் கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்தார்கள், அப்படிக் கொண்டுவரலாம் என்பது மறந்துபோனவர்களைப் போல. மணிக்கட்டுகளில் கயிறு இறுகிய தடம் பள்ளமாக இருந்தது.

நான் சோறு போட்டேன். பருப்பு, வாழைக்காய்ப் பிரட்டல், பாயாசம். அவர்கள் மென்றதாகத் தெரியவில்லை. இலை மட்டும் வெறுமையாகிக்கொண்டே இருந்தது.

"போடுங்க," என்றாள் அந்தப் பெண்.

போட்டேன்.

"போடுங்க. கூப்பிட்டுட்டு ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீங்க?"

பானையின் அடியை அகப்பை சுரண்டியது. எங்களுக்கென்று ஒரு பருக்கை இல்லை. புஸ்பம் சுவரோடு ஒட்டி நின்றாள். அவளுடைய பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆண்களில் மூத்தவன் கையை உதறினான். துளிகள் என் காலில் விழுந்தன. அந்த வெயிலில் அவை கிணற்றுத் தண்ணீரைவிடக் குளிர்ந்திருந்தன.

"மார்கழில நாங்க இந்தத் துறைக்குத்தான் வந்த. அப்ப ஏன் கூப்பிடல்ல?"

மூத்தவன் அவர் பக்கம் திரும்பினான்.

"கம்பால தள்ளினது ஆரு?"

மார்கழி வெள்ளத்தில் மூன்று சடலங்கள் எங்கள் துறையில் ஒதுங்கின. கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. எடுத்துப் புதைத்தால் எங்களைத்தான் கேட்பார்கள் என்று பயந்தோம். அவர் தோணிக் கம்பால் ஒவ்வொன்றாக நீரோட்டத்துக்குத் தள்ளிவிட்டார். கடைசியாகப் போனது ஒரு பெண்.

தள்ளச் சொன்னது நான். அவர் மண்வெட்டியைத்தான் முதலில் எடுத்தார். இதை இன்றுவரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

"நான்தான் தள்ளின," என்றார் அவர்.

"தள்ளச் சொன்னது?"

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அவளுடைய கண்களில் இமை அசையவில்லை. நான் வெறும் பானைப் பக்கம் பார்வையைத் திருப்பினேன்.

"ஒருத்தரும் சொல்லல்ல. நான்தான்," என்றார் அவர்.

மூவரும் எழும்பினார்கள்.

"உங்கட சோறு முடிஞ்சுது. இனி எங்களிட்டச் சாப்பிட வாங்க. சாப்பிடாத ஆக்கள் எல்லாரும் வாங்க," என்றான் மூத்தவன்.

அவர் என்னையும் புஸ்பத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"இவங்க ரெண்டுபேரும் சாப்பிட்டிட்டாங்க," என்றார். "நான்தான் இன்னும் சாப்பிடல்ல. நான் வாறன்."

"போகாதீங்க!"

கையைப் பிடித்தேன். வருசத்துக்கு வாங்கிய புதுச் சேட்டின் கை முழங்கை வரை நனைந்திருந்தது. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். கோபமில்லை. அவசரமுமில்லை. வெளியே போய், பின்படலையைத் தன் கையாலேயே சாத்தினார்.

நான் திறந்துகொண்டு ஓடியபோது சேற்றில் ஒரே ஒரு ஆளின் காலடிதான் இருந்தது. அது தண்ணீர் வரை போயிருந்தது.

தோணிக்காரர் இரண்டு நாள் தேடினார்கள். சித்திரையில் அந்த இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர்தான். ஒன்றும் கிடைக்கவில்லை. புஸ்பம் அடுத்த கிழமையே மட்டக்களப்பு டவுணுக்குப் போய்விட்டாள். தைப்பொங்கலுக்கு வருவாள். சித்திரையில் மட்டும் இந்தப் பக்கம் வருவதில்லை.

பின்படலையை முள்ளுக்கம்பியால் கட்டிவிட்டேன். சண்டை முடிந்தது. சென்றி எடுபட்டது. றோட்டுக்குத் தார் போட்டார்கள். நான் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவதில்லை.

ஆனால் வருசத்தன்று உச்சிப் பொழுதில் ஆற்றுப் பக்கமிருந்து ஒருவர் கூப்பிடுகிறார்.

"சாப்பிடாத ஆக்கள் ஆரும் இருந்தா வாங்க!"

அதனால் அன்றைக்கு நான் பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிடுவேன். பசியில்லாவிட்டாலும் சாப்பிடுவேன். எனக்காக அவர் சொன்ன பொய்யை நான்தான் காப்பாற்ற வேண்டும். சாப்பிட்ட கையைக் கழுவாமல், மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன்.

இந்த வருடமும் கேட்டது. இரண்டு முறை கூப்பிட்டார்.

மூன்றாவதற்கு முன் செருமினார்.